இரண்டாம் கியர் தானாகக் கழன்றது

நவம்பர் 3, திங்கள்

டைரி எழுதுகிற வழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. டிரிப் ஷீட் எழுதுவதோடு சரி. எங்கள் டாக்சி ஸ்டாண்டு செயலாளர் கதிர்வேல் போனில் சொன்னதால் எழுதுகிறேன். "செங்கோடா, தெனமும் நடந்தத எழுதி வெச்சுக்க. ரெண்டு வருசம் கழிச்சுக் கோர்ட்டுல கேப்பாங்க. அன்னைக்கு ஒரு வார்த்த மாறுச்சுன்னா போச்சு. ஸ்டேசன்ல என்ன சொன்னியோ அதையே மொதல் பக்கத்துல எழுது" என்றார்.

ஸ்டேசனில் எழுதிக் கொடுத்தது இதுதான்: நவம்பர் ஒன்றாம் தேதி சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்குக் கொல்லிமலையிலிருந்து நாமக்கல் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டியில் சவாரி வந்த மரகதம் டீச்சர் ஒருவர் மட்டும். ஐம்பத்திரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், இரண்டாம் கியரில் வந்துகொண்டிருந்தபோது கியர் தானாகக் கழன்றது. திரும்பப் போட முயன்றேன், விழவில்லை. பிரேக்கை மிதித்தேன், நிற்கவில்லை. வண்டி தடுப்புச் சுவரில் மோதி நின்றது. டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எனக்கு வலது கணுக்கால்.

என் தவறு ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஒரு கீறல் போட்டதில்லை. ஸ்டாண்டில் என்னை மைலேஜ் செங்கோடன் என்பார்கள். இதே வண்டியில் மற்றவன் லிட்டருக்குப் பதிமூன்று எடுத்தால் நான் பதினேழு எடுப்பேன். எப்படி என்று கேட்பார்கள். சொல்ல மாட்டேன். அது கைப்பழக்கம்.

இப்போது எங்கே இருக்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மலை உச்சியில், சடையப்பன் என்கிற மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற அறையில். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே வண்டி மலைமேல் நின்றுபோனபோது கியர் பாக்ஸைப் பிரித்து பேரிங் மாற்றிக் கொடுத்தவன் இவன்தான். அதையும் ஸ்டேசனில் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார், சொன்னேன். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்?

மோதிய வண்டியையும் இந்த ஷெட்டுக்கே இழுத்துவந்து போட்டிருக்கிறார்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்க்கிற வரைக்கும் மலையை விட்டு இறங்கக் கூடாதாம். டீச்சரை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் இறங்கிய அன்றைக்கே கீழே மண் சரிந்து பஸ்ஸும் நின்றுவிட்டது. கட்டுப் போட்ட காலோடு எங்கே போவது என்று நின்றபோது சடையப்பன்தான் வந்து, "எங்கூட்டுலயே இருந்துக்கங்ண்ணா" என்றான். அவனுக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். நான் ஸ்டேசனில் அவன் பெயரைச் சொன்னது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டான்.

இந்த நோட்டு அவன் மனைவி கஸ்தூரி கொடுத்தது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. கட்டுக்குள்ளே ஒரே அரிப்பு. வெல்டிங் கம்பியை உள்ளே விட்டுச் சொறிந்தேன். கஸ்தூரி பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, இருக்கற காலையும் ஓட்ட போட்டுக்கப் போறீங்களா?" என்று பிடுங்கிக்கொண்டது. நல்ல வாய்.

மதியம் சப்-இன்ஸ்பெக்டர் குடையோடு வந்தார். ரோடு சரியாகும்வரை பிரேக் இன்ஸ்பெக்டர் வர மாட்டாராம். அதற்குள் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து, சாமான்களை வரிசையாக வைத்திருக்கச் சொன்னாராம். எதையும் துடைக்கக் கூடாது. ஒரு நட்டுகூட வெளியே போகக் கூடாது. மலைமேல் வேறு மெக்கானிக் இல்லை, அதனால் சடையப்பனே பிரிக்க வேண்டும். ஒரு கான்ஸ்டபிளும் நானும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போகும்போது என் காதோரம் குனிந்தார். "நீ கண்ணு வெச்சுக்க. அவன் ராவோட ராவா எதாச்சும் மாத்திப் போட்டான்னா உனக்குத்தான் நட்டம்."

அவன் சோற்றைத் தின்றுகொண்டு அவனுக்கே நான் காவல். சரிங்க சார் என்றேன்.

நவம்பர் 5, புதன்

கியர் பாக்ஸ் இறங்கியது. சடையப்பன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். கான்ஸ்டபிள் ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலை ஒரு டயர்மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கிளச். இருபத்திரண்டு வருடமாக மிதிக்கிறேன், ஒருநாள் அதன் மூஞ்சியைப் பார்த்ததில்லை. தோசைக்கல் அளவு தட்டு. சடையப்பன் அதைத் தூக்கிக் காட்டினான். "எஞ்சின் எந்நேரமும் சுத்திட்டே இருக்குமுங். இந்தத் தட்டு அதோட ஒட்டிக்கிட்டாத்தான் அந்தச் சுத்து கியர் பாக்ஸுக்கு வரும். நீங்க கிளச்ச மிதிச்சா இது வெலகிக்கும். எஞ்சின் தனி, சக்கரம் தனி."

"தேஞ்சிருக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லீங். நல்லா இருக்குது."

தட்டை அழுத்துகிற பிரஷர் பிளேட்டும் நன்றாக இருந்தது. கிளச்சைத் தள்ளுகிற பேரிங்கும் நன்றாக இருந்தது. மூன்றையும் சாக்கின்மேல் வரிசையாக வைத்து சாக்பீசால் நம்பர் போட்டான்.

மதியம் கீரைக் குழம்பு. உப்பு கம்மி.

நவம்பர் 6, வியாழன்

மழை. வேலை இல்லை. சுவரில் பல்லி பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

இன்றைக்குப் பாக்ஸையே திறந்தார்கள். உள்ளே எண்ணெயில் ஊறிக்கொண்டு இரண்டு தண்டு, ஒன்றுக்குமேல் ஒன்று. இரண்டிலும் பல் சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வருகிற சுற்று கீழ்த் தண்டில் இறங்கி, அங்கிருந்து மேல் தண்டுக்கு ஏறிச் சக்கரத்துக்குப் போகுமாம். எந்தச் சோடி வழியாக ஏறுகிறது என்பதுதான் கியர். சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுற்றினால் வேகம் கம்மி, இழுவை அதிகம்.

"அப்ப ஒவ்வொரு தடவ நான் கியர் போடறப்பவும் பல்லு பல்லோட போயி மாட்டுதாப்பா?" என்றேன்.

"அல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்ண்ணா. பல்லெல்லாம் எப்பவும் மாட்டித்தான் இருக்கும். சும்மா சுத்திட்டிருக்கும். இந்த வளையம் இருக்குதுல்லங், ஸ்லீவு, நீங்க கம்பிய அசைச்சா இது நகந்து போயி எந்தச் சக்கரத்தக் கவ்வுதோ அதுதான் வேல செய்யும். கவ்வறதுக்கு முன்னால ரெண்டோட வேகமும் ஒண்ணாகணுமில்லீங்? அதுக்குத்தான் இந்தப் பித்தள ரிங்கு. உரசி உரசி வேகத்தச் சமமாக்கிக் குடுக்கும்."

"எதையும் கவ்வலைன்னா?"

"அதுதானுங் நியூட்ரல். எஞ்சின் ஒருபக்கம் கத்தும், சக்கரம் ஒருபக்கம் ஓடும். எறக்கத்துல அது வந்துட்டா எஞ்சின் வண்டியப் புடிக்காது. பாவம், உங்களுக்கு அன்னைக்கு அதுதான ஆச்சு."

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். நான் பல் சக்கரங்களைப் பார்த்தேன். மேல் தண்டு நன்றாக இருந்தது, கீழ்த் தண்டு நன்றாக இருந்தது, இவன் மாற்றிய பேரிங் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது. நல்லா இருக்குது என்ற வார்த்தையே இப்போது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு சாமானைக் கழற்றும்போதும் இதிலாவது ஏதாவது உடைந்து கிடக்காதா என்று பார்க்கிறேன்.

மேலே எழுதியது தப்பாகத் தெரியும். என் வாக்குமூலம் சரியென்று நிரூபணமாக வேண்டும் அல்லவா, அதற்காகச் சொன்னேன்.

நவம்பர் 8, சனி

ஸ்கூல் வேன்காரர் வந்தார். மலைக்கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன். நான்கு வருடமாகச் சடையப்பன்தான் அதைப் பார்க்கிறான், அதுதான் இந்த ஷெட்டுக்கு நிலையான வேலை. வேன்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார்.

"சடையா, தப்பா எடுத்துக்காத. உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல. பிள்ளைங்களப் பெத்தவங்க கேக்கறாங்க. இனிமே கீழ கொண்டுபோயி உட்டுக்கறேன்."

"செரீங்" என்றான் சடையப்பன். வேன் சாவியை எடுத்துவந்து கொடுத்தான். பிறகு ஷெட்டுக்குள் போய், ஏற்கெனவே பார்த்த பேரிங்கை மறுபடி கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

கஸ்தூரி எனக்குச் சோறு போட்டது. ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. "சாப்பிடுங்ண்ணா, ஆறிரும்" என்றது. என்னைத் திட்டித் தொலைத்தால்கூட நிம்மதியாக இருக்கும். இந்த வீட்டில் யாரும் திட்டுகிறதாக இல்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது, ஆனால் எனக்கு மூச்சு முட்டுகிறது. கால் சரியாக இருந்தால் எழுபது வளைவையும் நடந்தே இறங்கியிருப்பேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மரகதம் டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். ஆபரேஷன் முடிந்ததாம், உள்ளே தகடு வைத்திருக்கிறார்களாம். குச்சி இல்லாமல் நடப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஒங்க கால் எப்படியிருக்குது தம்பி?" என்று என்னைக் கேட்கிறார்!

"போலீஸ்காரங்க எங்கிட்டயும் கேட்டாங்க தம்பி. நல்ல டிரைவருன்னுதான் சொன்னேன். போகும்போது வண்டி என்ன கத்துக் கத்துச்சு! எறங்கும்போது சத்தமே இல்ல, தொட்டில்ல ஆட்டற மாதிரி வந்துது. நாங்கூட உங்ககிட்டச் சொன்னேனே, ஞாபகம் இருக்குதா? நல்லா அமைதியா ஓட்டறீங்கன்னு."

"ஞாபகம் இருக்குதுங்க டீச்சர்."

"அதையும் போலீஸ்கிட்ட சொல்லியிருக்கேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

போனை வைத்ததும் நோட்டை எடுத்தேன்.

வாக்குமூலத்தை மறுபடி எழுதிப் பார்க்கிறேன், மறக்காமல் இருக்க. இரண்டாம் கியரில் வந்துகொண்டிருந்தபோது கியர் தானாகக் கழன்றது. அதற்கு முன்னால் ஒரு கடகட சத்தம் கேட்டது.

சத்தம் கேட்டது என்று முதல் நாள் எழுதவில்லை. கேட்டதா? கேட்டது என்றே வைத்துக்கொள்வோம். இல்லை, வேண்டாம், மாற்றினால் வம்பு.

நவம்பர் 10, திங்கள்

வெயில் அடித்தது. சடையப்பன் இரண்டாம் கியர்ச் சக்கரத்தையும் அதைக் கவ்வுகிற ஸ்லீவையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இங்க பாருங்ண்ணா. கியரு தானா கழண்டுச்சுன்னா அது ஒரு நாள்ல வர்ற நோயில்லீங். கவ்வற பல்லோட மொனை கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு, சோப்புக் கட்டியாட்டம் வழவழன்னு ஆகியிருக்கணும். அப்பத்தான் வழுக்கிட்டு வெளிய வரும். இது பாருங், விரல அறுக்கற மாதிரி இருக்குது."

என் கட்டைவிரலைப் பிடித்துப் பல்லின்மேல் வைத்தான். அறுத்தது.

"மூணாங் கியரோட பித்தள ரிங்குல மட்டும் பல்லு புதுசாச் சிதறியிருக்குது. ரெண்டுலயும் கொஞ்சம். அது நீங்க வேகத்துல திரும்பப் போடப் பாத்திருக்கீங்க, அதுல ஒடஞ்சது. அது செரி. ஆனா கழண்டது எப்படிங்? அதுதான் எனக்குப் புரியல."

"உம் மனசுல என்னப்பா தோணுது?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எங்கியோ நாந்தான் தப்பு உட்டிருக்கேனுங். தேடறேன். இருபத்திரண்டு வருசம் ஓட்டுன மனுசன் நீங்க, பொய்யா சொல்லப் போறீங்க?"

நவம்பர் 11, செவ்வாய்

தெய்வானை போன் செய்தாள். கல்யாணமாகி இருபது வருடமாகிறது. என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஏற்காடு, ஏலகிரி எல்லாம் வந்திருக்கிறாள்.

வழக்கம்போல, சாப்பிட்டீர்களா, கால் வீக்கம் வடிந்ததா என்றாள். அப்புறம் கேட்டாள். "ஏங்க, நீங்க எறக்கத்துல ரெண்டாங் கியர்லயா வந்தீங்க?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, எப்பவும் அப்படி வர மாட்டீங்களே."

"இது மலை, கேட்டுக்க. உனக்கென்ன தெரியும் வண்டியப் பத்தி?" என்று கத்திவிட்டேன். ஷெட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கிட்டயுமா?" என்றாள். வைத்துவிட்டாள்.

நவம்பர் 12, புதன்

சடையப்பன் காலையில் கான்ஸ்டபிள் வருவதற்கு முன்பே என் அறைக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன இரும்பு குண்டு.

"கண்டுபுடிச்சிட்டனுங்ண்ணா" என்றான்.

விளக்கினான். கியர் மாற்றுகிற கம்பி ஒவ்வொரு இடத்திலும் அசையாமல் நிற்க அதில் குழி போட்டிருக்குமாம். இந்தக் குண்டு அந்தக் குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடிக்கும். போன மாதம் பேரிங் மாற்றியபோது இந்த ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட நினைத்தானாம். கீழே கடையில் கிடைக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவசரம். பழையதையே கழுவிப் போட்டுவிட்டான்.

"அமுத்திப் பாத்தா நல்லாத்தான் இருக்குது. ஆனா வேற ஒண்ணும் இல்லீங்களே. இதுதான். இது லூசாகித்தான் கியரு கழண்டிருக்கணும். உங்ககிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும், பழசுதான் போட்டேன்னு. சொல்லாம உட்டுட்டேன். ஒரு பொம்பளையோட இடுப்பு போச்சு, உங்க காலு போச்சு. என்ன மன்னிச்சிருங்ண்ணா."

சொல்லிவிட்டுக் குனிந்து என் கட்டுப் போட்ட காலைத் தொட்டான். சத்தியமாகத் தொட்டான்.

"பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாருன்னா நானே சொல்லிர்றேனுங். கேசு போட்டாப் போடட்டும். உங்க லைசென்ஸக் குடுத்துருவாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, விடு தம்பி" என்றேன். பெரிய மனிதன் மன்னிக்கிற மாதிரி தோளில் தட்டினேன். அவன் போய்விட்டான்.

கதிர்வேல் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எழுதுகிறேன்.

உச்சியில் எழுபதாவது வளைவில் திரும்பியதும் கிளச்சை மிதித்துக் கியரை நடுவில் தட்டிவிட்டேன். எப்போதும் அப்படித்தான். இறக்கம் கண்டால் என் கை தானாக நியூட்ரலுக்குப் போகும். எஞ்சின் வெறுமனே முனகிக்கொண்டு கிடக்க, வண்டி தன் கனத்திலேயே இறங்கும், டீசல் குடிக்காது. பதினேழு கிலோமீட்டர் மைலேஜின் ரகசியம் அவ்வளவுதான். ஸ்டாண்டில் பாதிப்பேர் செய்கிறான்கள். நான் மட்டும்தான் மலையிலும் செய்வேன், அதில் எனக்குப் பெருமை வேறு.

பதினெட்டு வளைவும் பிரேக்கை மிதித்தே வந்தேன். கருகின வாடை அடித்தது, முன்னால் போகிற லாரியுடையது என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் லாரியே இல்லை. டீச்சர் முறுக்கு கொடுத்தார், ஒரு கையால் வாங்கினேன். அமைதியா ஓட்டறீங்க தம்பி என்றார். அடுத்த மிதிக்குப் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. கியரைப் பிடித்து மூன்றுக்குத் தள்ளினேன், கடகடவென்று அரைத்தது, விழவில்லை. இரண்டுக்குத் தள்ளினேன், விழவில்லை. டீச்சர் "தம்பி, தம்பி" என்றார்.

கியர் தானாகக் கழலவில்லை. நான்தான் கழற்றினேன்.

லைசென்ஸ் போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? நாற்பத்தெட்டு வயதில் யாரிடம் போய் என்ன வேலை கேட்பேன்? இதை எழுதுகிறபோதும் அதைத்தான் நினைக்கிறேன். அவன் காலைத் தொட்டபோதும் அதைத்தான் நினைத்தேன். அடச்சீ.

நவம்பர் 13, வியாழன்

ரோடு திறந்துவிட்டது. நாளைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார். கதிர்வேலுக்கு விஷயம் எட்டிவிட்டது போல. "மெக்கானிக்கே ஒத்துக்கறானாமே! உனக்குக் குலசாமி தொணை இருக்குதுடா. நீ வாயத் தொறக்காத, அது போதும்" என்றார்.

வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு சுலபம்! ஒரு விரல்கூட அசைக்க வேண்டாம்.

நவம்பர் 14, வெள்ளி

பிரேக் இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வந்தார். சப்-இன்ஸ்பெக்டரும் கூட வந்தார். மதிய மழைக்குள் இறங்கிவிட வேண்டும் என்று வந்ததிலிருந்து வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார் பிரேக் இன்ஸ்பெக்டர். சாக்கின்மேல் சாமான்கள் வரிசையாக இருந்தன. அவர் குனிவதற்குள் சடையப்பன் முன்னால் போய் நின்று உள்ளங்கையைக் காட்டினான்.

"சார், பழைய ஸ்பிரிங்கு போட்டுட்டனுங். அதனாலதான் கழண்டுது. எம்மேலதான் தப்பு."

கஸ்தூரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்பிரிங்கைப் பார்த்தார், "வேல மிச்சம்" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார். சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "நீ கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு. லைசென்ஸ ஸ்டேசன்ல வாங்கிக்க" என்றார். பேனாவையும் நீட்டினார்.

பேனாவை வாங்கினேன். அதை மறைக்க மாட்டேன், வாங்கினேன். கையெழுத்துப் போடுகிற இடத்தையும் பார்த்துவிட்டேன்.

"சார், ஸ்பிரிங்கு இல்லீங். நாந்தான். நியூட்ரல்ல வந்தேன்" என்றேன்.

யாரும் நம்பவில்லை! அதுதான் கூத்து. சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "யோவ், ஸ்டேசன்ல ஒண்ணு சொல்ற, இங்க ஒண்ணு சொல்ற. கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நீதான?"

சடையப்பன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "சார், அண்ணன் எனக்காகச் சொல்றாருங். இத்தன நாளு எங்கூட்டுச் சோறு தின்னாருல்லங், மனசு கேக்கல அவருக்கு. நல்ல மனுசனுங் சார். நீங்க எழுதுங்."

பன்னிரண்டு நாளாகப் பொய் சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் என்னைத் தியாகி ஆக்குகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவன் கையை உதறிவிட்டு, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு சாக்கண்டை போய்த் தரையில் உட்கார்ந்தேன். இரண்டாம் கியர்ச் சக்கரத்தையும் ஸ்லீவையும் எடுத்துப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன்.

"தானாக் கழண்டிருந்தா இந்தப் பல்லு வழவழன்னு தேஞ்சிருக்கணும் சார். தொட்டுப் பாருங்க. அறுக்குது. இந்தப் பித்தள ரிங்கப் பாருங்க, மூணாங் கியரோடது. ரெண்டுல வந்துட்டிருந்தவன் எதுக்கு மூணுக்குத் தள்ளறான்? அறுபதுல போற வண்டியில ரெண்டு விழாதுன்னு தெரிஞ்சு மொதல்ல மூணுக்குத் தள்ளினேன். அப்பறந்தான் ரெண்டு. பிரேக் டிரம்மக் கழட்டச் சொல்லுங்க, எப்படிக் கருகியிருக்குதுன்னு தெரியும். டீச்சர்கிட்டக் கேளுங்க, எறங்கும்போது வண்டி சத்தமே போடலைன்னு சொல்வாங்க. கியர்ல வந்த வண்டி கத்தாம எப்படி சார் வரும்?"

பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டினார். பல்லின்மேல் விரலை ஓட்டினார். ரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதியிருந்த தாளைக் கிழித்தார்.

"எங்கிருந்து நியூட்ரல்ல வந்த?"

"உச்சியிலருந்துங்க."

"பதினெட்டு வளைவா? அறிவிருக்காய்யா உனக்கு?"

"இல்லீங்க" என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்டதும் நான் சொன்னதும் ஸ்டேசன் தாளில் இருக்கிறது. என்மேல் கேஸ். லைசென்ஸ் திரும்பி வராது. டீச்சரிடம் நானே போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம் போன் கட்டாகிவிட்டது.

சடையப்பனைப் பற்றி எழுதிவிட்டு முடிக்கிறேன். ஜீப்பில் ஏற்றுவதற்கு முன்னால் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். ஸ்பிரிங் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அதை ஒருமுறை அமுக்கிப் பார்த்தான். அது நன்றாகவே எழும்பியது.

"பதினோரு நாளா நான் தூங்கலீங்ண்ணா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். குரல்கூட உயரவில்லை.

இதை ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பதினோரு நாளும் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், அவன் விரித்துக் கொடுத்த பாயில். நான் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.